கிராணி வீட்டுக் கலர் டிவி: மூன்றாம் மாதம்

ஜொகூர் கூலாயில் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்த பெரியப்பா வாங்கிய பெட்டி. அதைப் பழுதுபார்க்கத் தொடங்கி இது மூன்றாம் மாதம். மலேசியாவில் கலர் ஒளிபரப்பு 1978 டிசம்பர் 28-ல்தான் வந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஏரியலைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர் கிடைக்கும், அங்கே 1974-லேயே கலர். அதை நம்பித்தான் வாங்கியிருக்கிறார். சிக்னல் பகுதி டிரான்சிஸ்டர். கதிரைத் திரையில் இடவலமாகவும் மேல்கீழாகவும் ஓட்டும் லைன், ஃபிரேம் பகுதிகள் வால்வு, அதாவது பழைய கண்ணாடிக் குழாய்கள்.

உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேஸி நேராக வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்திருக்கும் ரகம் இது. மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கை வைக்கக் கூடாது. உப்பிய கெப்பாசிட்டர்களை மாற்றி, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெதுவாக 240 வோல்ட்டுக்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் லைன் பகுதியின் பெரிய வால்வான பிஎல்509-இன் அனோடு (உள்ளிருக்கும் உலோகத் தகடு) சிவந்து பழுத்தது. உடனே அணைத்தேன்.

வால்வு போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் ஐம்பது அறுபது வோல்ட் நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் ஏறக்குறைய சுழி காட்டியது. அந்த நெகட்டிவைத் தர வேண்டிய ஆசிலேட்டரே (அதிர்வை உண்டாக்கும் சுற்று) ஓடவில்லை. ஆசிலேட்டர் வால்வான பிசிஎஃப்802-க்குப் போகும் ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தது, விலை சில சென். அதைப் பார்க்காமல் புது பிஎல்509 போட்டிருந்தால் அதுவும் பழுத்துச் செத்திருக்கும்.

படம் வந்தது, ஆனால் மூன்று படம்! சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக, ஓரத்தில் விரல் அகலத்துக்கு விலகி. இந்தப் பழைய பிக்சர் டியூபில் மூன்று நிறத்துக்கும் கதிர் பாய்ச்சும் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகளும் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் திரையை வேறு கோணத்தில் அடிப்பதால், நடுவில் சேரும் கதிர்கள் ஓரத்தில் பிரிந்துவிடும். முதலில் டீகாஸ் சுருளைத் திரை முன் சுற்றிக் காந்தக் கறையை எடுத்தேன். பிறகு கட்டம் போட்ட படத்தை வைத்து, நீலத்தை அணைத்துவிட்டு, சிவப்பையும் பச்சையையும் ஒன்றின்மேல் ஒன்று கொண்டுவந்தேன். இரண்டும் சேர்ந்தால் கோடு மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்க்க நான்கு ராத்திரி ஆனது. மேலே சரிசெய்தால் கீழே ஓடும், இடதைப் பிடித்தால் வலது நழுவும். அப்புறம் நீலத்தைத் திறந்தேன். நடுவில் கோடு வெள்ளையானபோது கை நடுங்கியது.

அனலாக் ஒளிபரப்பு 2019-ல் நின்றுவிட்டதால் டிஜிட்டல் டிகோடரிலிருந்து, அதைப் பழைய ஏரியல் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். முதல் நாள் படம் இருந்தது, ஒலி வெறும் இரைச்சல். மாடுலேட்டர் பிரிட்டிஷ் முறையில் ஒலியைப் படத்திலிருந்து 6.0 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்திருந்தது. நம் செட்டுக்கு 5.5.

நேற்று பெரியம்மா வந்து உட்கார்ந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “தம்பி, உங்க பெரியப்பா ஒலிய இவ்வளவு கூட்ட மாட்டாரு” என்றார். குறைத்தேன்.

வலது மேல் மூலையில் நீலம் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. சனிக்கிழமை அதைப் பார்க்க வேண்டும்.