டீச்சரம்மா மிதிக்கவில்லை

"நான் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே இல்லீங்க தம்பி. வண்டி தானா முன்னாடி பாயுது."

2003 மாடல் காரின் சாவியை என் ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்துவிட்டு அந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா சொன்னார். அதற்கு முன் பார்த்த இடத்தில் ஒரு சென்சாரை மாற்றினார்களாம். அது சரிவராமல் போனதும், கால் தவறி மிதித்திருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகன் இனி காரே ஓட்டக் கூடாது என்றுவிட்டார். எனக்கு இதுதான் உறுத்தியது. ஒருவர் கையிலிருந்து சாவியை வாங்குவதற்கு முன் வண்டியை முழுசாகப் பார்த்திருக்க வேண்டாமா?

கால் தவறுவதும் உண்டு, காலடியில் போடும் மேட் பெடலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. 2009, 2010-இல் மேட்டுக்காகவும் இறுகி நிற்கும் பெடலுக்காகவும் டொயோட்டா அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. எலக்ட்ரானிக்ஸ்தான் காரணமா என்று நாசா பொறியாளர்கள் துருவிப் பார்த்தும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 2011-இல் அறிக்கை வந்தது. அதனால் நானும் மேட்டிலிருந்துதான் ஆரம்பித்தேன். மேட் சரி. கேபிள் தாராளமாக ஓடியது. பெடலை விட்டதும், இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவான த்ராட்டிலை ஸ்பிரிங் டக்கென்று மூடியது.

இந்தக் காரில் பெடலையும் த்ராட்டிலையும் இணைப்பது வெறும் கேபிள். காரின் கம்ப்யூட்டரால் த்ராட்டிலைத் திறக்க முடியாது. ஆனால் பெடலை மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று விடும் ஐடிலிங் வால்வு அதன் கையில்தான். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் அந்த வால்வைத் திறந்து ஆர்.பி.எம்மை, அதாவது இன்ஜின் சுற்றும் வேகத்தை, ஏற்றிவிடும். நெரிசலில், ஃபர்ஸ்ட் கியரில், கிளட்சைப் பாதி விட்ட நேரத்தில் 800 திடீரென்று 2,000 ஆனால் வண்டி பாயத்தான் செய்யும்.

ஸ்கேனரில் மூன்று கோளாறுகள் வந்தன: த்ராட்டில் சென்சார், காற்றழுத்த சென்சார், கூலன்ட் வெப்ப சென்சார். மூன்றிலும் சிக்னல் அதிகம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மூன்று சென்சார்கள் ஒரே நாளில் சாவது நான் பார்த்ததில்லை. மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? 5 வோல்ட் சப்ளை போயிருந்தால் சிக்னல் இறங்கியிருக்கும். ஏறியிருக்கிறது என்றால் எர்த், அதாவது சென்சாரிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் வயர்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் எர்த் பின்னிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 0.02 வோல்ட். பழுதே இல்லாத அளவு. அரை மணி நேரம் ஓடவிட்டும் அசையவில்லை. அப்புறம் மீட்டரைப் பார்த்தபடியே வயர்க் கற்றையை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டு போனேன். பேட்டரி ட்ரே பக்கத்தில் கை பட்டதும் மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டியது, இன்ஜின் உறுமியது.

டேப்பைப் பிரித்தால் மூன்று எர்த் வயர்களும் சேரும் ஜாயின்ட். பேட்டரி ஆசிட் பட்டு செம்பில் களிம்பு ஏறி, இரண்டு மூன்று இழைகள்தான் மிச்சம். சூடான இன்ஜினில் வெப்ப சென்சாரின் தடை சுமார் 300 ஓம்தான், சிக்னலும் தாழ்வாக இருக்கும். எர்த் கெட்டால் அது ஏறிவிடும். கம்ப்யூட்டருக்கு அது குளிர்ந்த இன்ஜின். பள்ளம், ஸ்பீட் பிரேக்கர் என்று வயர் குலுங்கும்போதெல்லாம் டீச்சரம்மா தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கெட்டதை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து சால்டர் செய்து, ஜாயின்ட்டை பேட்டரியிலிருந்து தள்ளிக் கட்டினேன். சோதனை ஓட்டத்துக்கு அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவிநாசி ரோடு, சாயந்திர நெரிசல். முதல் ஸ்பீட் பிரேக்கரில் அவர் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தது. நான்காவதில் பிடி தளர்ந்துவிட்டது.

திரும்பி வந்ததும், "நான் மிதிக்கலைன்னு பில்லுல எழுதிக் குடு கண்ணு, பையன்கிட்ட காட்டோணும்" என்றார். 'சென்சார் எர்த் வயர் பழுது, ஓட்டுநர் தவறு இல்லை' என்று எழுதி, வெட்டியெடுத்த அந்தப் பச்சை வயரையும் பில்லோடு சேர்த்துப் பின் செய்து கொடுத்தேன்.