பெருவிழாவுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில்

அம்மா காலமாகி ஐந்து மாதங்களே ஆகியிருந்ததால், கடந்த கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு எங்கள் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. துக்க வீடு என்று அறிந்து அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த அதிரசமும் அச்சுமுறுக்கும் தொடுவாரின்றி மேசையிலேயே கிடந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் முதல் வாரத்திலேயே பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கிவிடும் அப்பா, இம்முறை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நள்ளிரவுத் திருப்பலியில் மணிகள் முழங்க வானவர் கீதம் தொடங்கியபோது, ஊரே மகிழும் வேளையில் நான் மட்டும் அழுகிறேனே என்கிற கூச்சம் துக்கத்தைவிடக் கனத்தது.

விடிந்ததும், "வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வருவோமா, பாப்பா?" என்று அப்பா கேட்டார். தஞ்சாவூரில் பேருந்து ஏறி, திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக மாலையில் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் டிசம்பர் 26. காலைத் திருப்பலிக்கு வந்த குருவானவர் சிவப்பு உடை அணிந்திருந்தார். முந்தின நாள் வெள்ளை, இன்று இரத்தம் சிந்தியவர்களுக்கான சிவப்பு. கல்லெறிந்து கொல்லப்பட்ட புனித முடியப்பரின் திருநாள் இது. அடுத்து 28ஆம் தேதி, ஏரோது மன்னனின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுக்கும் ராகேலின் அழுகை அன்று வாசிக்கப்படும். சிறு வயது முதல் கேட்டுவரும் வரிசைதான் என்றாலும், பாலன் பிறந்த எட்டு நாளுக்குள்ளேயே இத்தனை சாவுகளைத் திருச்சபை ஏன் நினைவுகூர்கிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அழுகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் குடிலைச் சோடிக்கும் வழக்கம் நம்முடைய தெருக்களில் இருக்கலாம். வழிபாட்டு நாட்காட்டியில் அது இல்லை.

அந்தத் தேதிக்கு வேளாங்கண்ணியில் வேறொரு பாரமும் உண்டு. 2004ஆம் ஆண்டு அதே நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. பெருவிழாவுக்கு வந்து தங்கியிருந்த திருப்பயணிகள், கடை வைத்திருந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் சில நிமிடங்களில் மாண்டனர். அவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவிடத்தில் ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகிறார்கள். ஆலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதைப் பலரும் புதுமையாகச் சொல்வதுண்டு. மாதாவின் மீது எனக்குள்ள பக்தி சிறிதல்ல. ஆயினும் அந்தப் பேச்சை நினைவிடத்தின் முன் நின்று சொல்ல எனக்கு நா எழாது. கடற்கரையில் நின்றிருந்தவர்களும் அவளை நம்பித்தானே வந்திருந்தார்கள்? அவர்கள் ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் சொல்லக் கேட்டவள், அந்த வாளுக்குத் தப்பாதவள், இவர்களுடைய தாய்மாரோடும் நின்றிருப்பாள் என்பது மட்டுமே என் விசுவாசம்.

பிறகு, பால் கொண்டுபோன சிறுவனுக்கு அன்னை காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் மாதா குளத்துக்கு நடந்தோம். அந்த மணல் பாதையில் வழக்கம்போல் பலர் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போவாள். முட்டி தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் தடுத்த பிறகும் பத்தடியாவது போகாமல் விடமாட்டாள். (எனக்காக வைத்த வேண்டுதல்களே அதிகம் என்று அப்பா பின்னால் சொன்னார்.) அவள் முழங்காலிடத் தொடங்கும் இடம் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். ஐந்து மாதமாக என் முன்னால் கண் கலங்காதவர், செபமாலையை உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் அழுவது அதிசயமில்லை. லாசரின் கல்லறை வாசலில், அவனை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் அழுதாரே என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவைத் தேற்றாமல் பக்கத்தில் நின்றேன்.

27ஆம் தேதி இரவு வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அப்பா நாற்காலி போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். வைக்கோல் மக்கிப்போயிருந்தது, மாட்டின் ஒரு கொம்பு உடைந்திருந்தது.

"இனிமேல் எதற்கப்பா?" என்றேன்.

"மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, பாப்பா. கொஞ்சம் வைக்கோல் கிடைக்குமா என்று பார்" என்றார்.