எலைஜா ஹார்ப்பர் அமர்ந்திருந்த அவை: வின்னிபெக் பயணக் குறிப்பு

ஜூன் மாதத்தின் நடுவில் கனடாவின் வின்னிபெக் நகரில் இறங்கியபோது, நான் பார்த்தே தீர வேண்டும் என்று எண்ணி வந்த இடம் ஒன்றுதான்: மானிட்டோபா மாகாணச் சட்டமன்றத்தின் பேரவைக் கூடம். 1990இல் எலைஜா ஹார்ப்பர் என்ற உறுப்பினர், தம் மக்களைக் கேட்காமல் எழுதப்பட்ட அரசியல் சாசன உடன்பாடு ஒன்றுக்கு இசைவு மறுத்த இடம் அது. செந்நதியும் அசினிபோயின் ஆறும் கலக்கும் ஃபோர்க்ஸ் பகுதியில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூடிய அந்தக் கரையில் இன்று கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. மறுநாள் காலையில் அங்கிருந்து நடந்தே சட்டமன்றத்துக்குச் சென்றேன்.

1920இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், மானிட்டோபாவிலேயே வெட்டியெடுக்கப்படும் டிண்டால் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அருகில் சென்று பார்த்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த உயிரினங்களின் தடங்கள் சுவரெங்கும் தெரிகின்றன. குவிமாடத்தின் உச்சியில் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் கோதுமைக் கதிர்க்கட்டும் ஏந்தி, பொன்முலாம் பூசிய இளைஞன் ஒருவன் நிற்கிறான். ‘தங்கச் சிறுவன்’ என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் சிலையின் முகம் வடக்கு நோக்கியிருக்கிறது. மாகாணத்தின் வருங்கால வளம் வடக்கே இருக்கிறது என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம். காடு, நீர், கனிமம் என்று அந்த வளத்தை எண்ணத் தெரிந்தவர்கள், அங்கே வாழ்ந்த மக்களை எண்ணிக்கையில் சேர்க்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்ற நினைவு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என்னை விட்டு அகலவில்லை.

அந்த வடக்கிலிருந்து இந்த அவைக்கு வந்தவர் எலைஜா ஹார்ப்பர். 1949 மார்ச் 3ஆம் நாள் ரெட் சக்கர் ஏரி என்னும் சிற்றூரில் பிறந்தவர், ஓஜி-கிரீ என்னும் முதற்குடி இனத்தவர். வின்னிபெக்கிலிருந்து வடகிழக்கே, வான்வழியாக அளந்தாலே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர் அது. ஆண்டு முழுவதும் செல்லக்கூடிய சாலை அதற்கு இல்லை. ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உறைந்து இறுகும் குளிர்காலத்தில், சில வாரங்கள் மட்டும் பனிக்கட்டியின் மீது பாதை அமைப்பார்கள். எரிபொருளும் கட்டுமானப் பொருள்களும் அந்த வாரங்களுக்குள் லாரிகளில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எஞ்சிய நாள்களில் நோயாளியானாலும் பால் பொட்டலமானாலும் சிறிய விமானத்தில்தான் பயணம். தீவு ஏரிப் பகுதியிலுள்ள கார்டன் ஹில், செயின்ட் தெரசா பாயின்ட், வாசகமாக் போன்ற ஊர்களின் நிலையும் இதுவே. அங்கே போய் வரும் எண்ணம் எனக்கும் முதலில் இருந்தது. ஆனால், அழைப்பின்றி ஒருவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு ஒப்பாகும் என்று தோன்றியதால் அதைக் கைவிட்டேன்.

மானிட்டோபாவில் ஒப்பந்தப் பதிவு பெற்ற, அதாவது அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட குழுக்களில் பதிவான, முதற்குடி மக்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1952இல்தான்; நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அவர்கள் 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. தம் பெற்றோருக்கு முதல் வாக்குரிமை வந்தபோது ஹார்ப்பர் மூன்று வயதுக் குழந்தை. பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்தும் தாய்மொழியிடமிருந்தும் பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் அவரும் பயின்றார். பின்னர் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1978இல் சொந்த ஊரின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் ரூபர்ட்ஸ்லாண்ட் தொகுதியில் வென்றபோது, மானிட்டோபா சட்டமன்றத்தில் இடம்பெற்ற, ஒப்பந்தப் பதிவு பெற்ற முதல் முதற்குடி உறுப்பினர் ஆனார். வடபகுதி விவகாரங்களுக்கான அமைச்சராகவும் சிறிது காலம் இருந்தார்.

அத்தொகுதியின் பெயரைப் பற்றி ஒரு சொல். 1670இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், தாம் கண்ணால் பார்த்திராத பெருநிலப்பரப்பு ஒன்றை ஹட்சன் விரிகுடா வணிகக் கம்பெனிக்குச் சாசனமாக எழுதிக் கொடுத்தார்; அந்தக் கம்பெனியின் முதல் ஆளுநரான இளவரசர் ரூபர்ட்டின் பெயர் அந்த நிலத்துக்கு ஆயிற்று. இரு நூற்றாண்டுகள் கழித்து அதே நிலம் மூன்று லட்சம் பவுண்டுக்குக் கனடாவின் கைக்கு மாறியது. கொடுத்தபோதும் விற்றபோதும் அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய தொகுதியிலிருந்து வந்தவர்தான், 1990 ஜூனில், எங்களைக் கேட்காமல் இதைச் செய்ய முடியாது என்ற நிலையை இந்த அவையில் நிலைநாட்டினார்.

பேரவைக் கூடத்துக்குச் செல்லும் பெரும் படிக்கட்டின் இருபுறமும் வெண்கலக் காட்டெருமைகள் இரண்டு நிற்கின்றன. கோடை விடுமுறை தொடங்கியிருந்ததால் சட்டமன்றம் கூடவில்லை. பார்வையாளர் மாடத்தில் என்னையும் சேர்த்து நான்கைந்து பேரே இருந்தோம். கீழே குதிரை லாடத்தின் வடிவில் 57 உறுப்பினர்களுக்கான இருக்கைகள். தொலைக்காட்சிப் பதிவுகளில் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்திருந்த எனக்கு, கூடம் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே பட்டது. எந்த மூலையிலிருந்து மெல்லப் பேசினாலும் பேரவைத் தலைவருக்குக் கேட்டுவிடும்.

1990 ஜூனில் இங்கே நடந்ததை விளங்கிக்கொள்ள மீச் ஏரி ஒப்பந்தத்தை அறிய வேண்டும். 1982இல் நடைமுறைக்கு வந்த கனடிய அரசியல் சாசனத்துக்குக் கியூபெக் மாகாணம் இசைவு தரவில்லை. அதை உள்ளே கொண்டுவர, பிரதமர் பிரையன் மல்ரோனியும் பத்து மாகாண முதல்வர்களும் 1987இல் ஓர் உடன்பாட்டை எட்டினர். அது கியூபெக்கைத் ‘தனித்துவச் சமூகம்’ என்று ஏற்றது. முதற்குடி மக்களின் தன்னாட்சியைப் பற்றி அவர்களுடைய தலைவர்களோடு அதே ஆண்டு மார்ச்சில் நடந்த மாநாடு முடிவின்றிக் கலைந்திருந்தது. ஒரு மாதம் சற்றே கடந்த நிலையில், ஏப்ரல் 30இல், அதே முதல்வர்கள் மீச் ஏரிக்கரையில் கூடி, முதற்குடித் தலைவர்கள் எவரும் இல்லாமலே கியூபெக் தொடர்பாக ஒன்றுபட்டுவிட்டனர். இந்த வரிசையே ஆறாத காயமாயிற்று. தங்கள் எதிர்ப்பு கியூபெக் மக்களுக்கு எதிரானதன்று, தாங்கள் விடப்பட்டதற்கு எதிரானது என்று முதற்குடித் தலைவர்கள் விளக்கினார்கள். பின்னர் இந்த ஒப்பந்தம் தோற்றது கியூபெக்கில் ஆழ்ந்த கசப்பை ஏற்படுத்தியதும் உண்மை. அந்தக் கசப்பை நான் சிறிதாக்கிப் பேச விரும்பவில்லை.

ஒப்பந்தம் செல்லுபடியாக, நாடாளுமன்றமும் பத்துச் சட்டமன்றங்களும் 1990 ஜூன் 23க்குள் அதை ஏற்க வேண்டும். காலக்கெடு நெருங்கியபோது, ஒட்டாவாவில் ஒரு வாரம் மூடிய கதவுக்குள் பேச்சு நடத்தித் திரும்பிய மானிட்டோபா முதல்வர் கேரி ஃபில்மன், ஜூன் 12இல் தீர்மானத்தை உடனே எடுத்துக்கொள்ள அவையின் அனுமதியைக் கோரினார். முன்னறிவிப்பின்றி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டுமானால் உறுப்பினர்கள் அனைவரின் இசைவும் தேவை. ஒருவர் மறுத்தாலும் போதும். ஹார்ப்பர் மறுத்தார். கையில் ஒரு கழுகு இறகை ஏந்தியபடி, குரலை உயர்த்தாமல், “இல்லை, பேரவைத் தலைவர் அவர்களே” என்றார். அடுத்த நாள்களிலும் அதே கேள்விக்கு அதே விடை வந்தது. ஒப்பந்தத்தின் மீது பொதுமக்களின் கருத்தைக் கேட்பதும் மானிட்டோபாவில் கட்டாயம். பேசுவதற்கு ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்திருந்தனர். ஃபில் ஃபோன்டெய்ன், ஓவிட் மெர்க்ரெடி போன்ற முதற்குடித் தலைவர்கள் ஹார்ப்பருக்குத் துணை நின்றனர். வெளியே புல்வெளியில் முதற்குடி மக்கள் பறை கொட்டியபடி திரண்டிருந்தனர். ஜூன் 22இல், அவையின் நேரத்தை நீட்டிக்கவும் ஹார்ப்பர் இசையாததால், வாக்கெடுப்பு இல்லாமலே அவை ஒத்திவைக்கப்பட்டது. நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்திலும் அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. மறுநாளோடு ஒப்பந்தம் காலாவதியாயிற்று.

இதைத் தனி ஒருவரின் வீரச்செயலாக மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் எந்த விதியையும் மீறவில்லை. அந்த அவை தனக்காக வகுத்துக்கொண்ட விதிகளைத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து நின்றார். மற்றவர்கள் வெறும் சடங்காகக் கருதிய முன்னறிவிப்பும், பொதுவிசாரணையும், அனைவரின் இசைவும், சில ஆயிரம் பேரே வாழும் ஏரிக்கரை ஊர்களின் சார்பில் வந்தவருக்குக் கைப்பிடியாயின. எண்ணிக்கையால் ஒருபோதும் வெல்ல முடியாத மக்களுக்கு, நடைமுறை விதிகளைப் பொறுமையாகக் கற்றறிந்த ஓர் உறுப்பினர் எவ்வளவு தேவை என்பதை, வெறுமையாகக் கிடந்த அந்த இருக்கைகளைப் பார்த்தபடி நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1992இல் முன்வைக்கப்பட்ட அடுத்த உடன்பாடான சார்லட்டவுன் பேச்சுக்களில் முதற்குடித் தலைவர்கள் மேசையில் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய தன்னாட்சி உரிமையும் வரைவில் இடம்பெற்றது. பொதுவாக்கெடுப்பில் அந்த உடன்பாடு தோற்றது என்றாலும், அவர்களை விலக்கிவிட்டுச் சாசனத்தைப் பேசும் வழக்கம் அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஹார்ப்பர் 1993இல் சர்ச்சில் தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்று, 1997 வரை உறுப்பினராக இருந்தார்.

ரூபர்ட்ஸ்லாண்ட் என்ற பெயர் இப்போது தொகுதிப் பட்டியலில் இல்லை. 2011 தேர்தலிலிருந்து அது கீவாட்டினூக் என்று வழங்குகிறது. ஹார்ப்பருக்குப் பின் அங்கிருந்து வந்த எரிக் ராபின்சன், ஜூடி கிளாசன், இன்றைய உறுப்பினர் இயன் புஷி மூவருமே முதற்குடியினர். 2023இல் வாப் கின்யூ, கனடாவின் ஒரு மாகாணத்துக்கு முதல்வரான முதல் முதற்குடியினர் என்ற நிலையை இதே அவையில் அடைந்தார். அவருடைய தொகுதி நகருக்குள் இருப்பது. விமானம் ஏறி வாக்காளரைச் சந்திக்கும் வட தொகுதி உறுப்பினரின் பணியோ இன்றும் பழைய கடினத்தோடுதான் தொடர்கிறது. கீவாட்டினூக்கின் வரைபடத்தை விரித்தபோது, தாளில் நிலத்தைவிட ஏரிகளே மிகுதியாகத் தெரிந்தன.

2013 மே 17இல் ஹார்ப்பர் மறைந்தபோது, அவருடைய உடலை இந்தக் கட்டடத்தில்தான் மக்களின் அஞ்சலிக்காக வைத்தார்கள். பின்னர் ரெட் சக்கர் ஏரியில் நல்லடக்கம் செய்தார்கள். மே மாதத்தில் பனிப்பாதை உருகிவிட்டிருக்கும். அவர் தம் தொகுதிக்குப் போய் வந்த அதே வான்வழியில்தான் கடைசிப் பயணமும் அமைந்திருக்கும். மாலையில் கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது, வடக்கு நோக்கிப் போகும் சிறு விமானம் ஒன்றின் ஒலி கேட்டது. அது மேகத்துக்குள் மறையும்வரை படிகளிலேயே நின்றிருந்தேன்.