மூன்று டிஸ்க்கில் தொடங்கிய வீட்டு நாஸ்: நான்காவதைச் சேர்த்த விதம்

குடும்பப் படங்கள், வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க, நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியை 4 டிபி ஹார்ட் டிஸ்க் மூன்றுடன் தொடங்கி, பிறகு நான்காவதைச் சேர்த்து, கடைசியில் நான்கையும் 8 டிபியாக மாற்றிய வேலையின் வரிசை இது. சறுக்கும் இடங்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

மென்பொருள், நாஸுக்கான இயங்குதளமான ட்ரூநாஸ். டிஸ்க்குகள் இசட்.எஃப்.எஸ் என்ற கோப்பு முறைமையின் ரெய்டு-இசட்1 அமைப்பில், 'பூல்' என்ற ஒரே தொகுப்பாக. ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு (இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தகவல்) போவதால், ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு நிற்கும். மூன்று டிஸ்க்கில் 12 டிபி இருந்தாலும் பயன்பாட்டுக்கு 8 டிபிதான்; கணினி 1024இன் மடங்கில் எண்ணுவதால் திரையில் அது 7.2 அளவில் தெரியும். ஒன்றை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்: ரெய்டு-இசட்1ஐப் பின்னால் இசட்2 (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பு) ஆக்க வழியே இல்லை. ஐந்து, ஆறு டிஸ்க் வரை போகும் எண்ணம் இருந்தால் நான்கு டிஸ்க் வாங்கி இசட்2இலேயே தொடங்குங்கள்.

போர்டு, ஆறு சாட்டா போர்ட் (டிஸ்க் இணைக்கும் இடம்) உள்ள, இன்டெல் என்100 பிராசசர் கொண்டது. ரேம் 16 ஜிபி. ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் என்ற பழைய கணக்கு வீட்டுக் கோப்புப் பகிர்வுக்குத் தேவையில்லை. ஒரே தரவை இருமுறை சேமிக்காமல் தவிர்க்கும் டிடூப் வசதியை மட்டும் தொடாமல் விட்டால் போதும். யூஎஸ்பி பெட்டியில் டிஸ்க்குகளைப் போட்டு இசட்.எஃப்.எஸ் ஓட்ட வேண்டாம். இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் டிஸ்க் பூலிலிருந்து வெளியேறிவிடும்.

டிஸ்க் வாங்கும்போது சி.எம்.ஆர் (தடங்கள் தனித்தனியாக உள்ள) வகைதானா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். எஸ்.எம்.ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால், நீண்ட நேரம் எழுதும்போது வேகம் அதலபாதாளத்துக்குப் போகும். பழுதான டிஸ்க்கை மாற்றித் தரவை மீட்கும் நேரத்தில்தான் அது காலை வாரும். பயன்படுத்திய டிஸ்க்குகளின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உழைப்பையும் பழுதையும் தானே குறித்துவைக்கும் பதிவு) கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்ற செய்தி 2025 தொடக்கத்தில் வெளிவந்தது. சீகேட் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்ற தனிப் பதிவு உள்ளே இருக்கிறது, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பு அதைப் படிக்கும். அதில் ஓடிய மணி நேரமும் ஸ்மார்ட் காட்டும் மணி நேரமும் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதைச் சீரியல் எண்ணை வைத்துப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

வந்த டிஸ்க்கை நேராகப் பூலில் சேர்ப்பதில்லை. முதலில் ஸ்மார்ட் நீண்ட சோதனை, பிறகு டிஸ்க் முழுவதையும் சோதிக்கும் பேட்பிளாக்ஸ் கட்டளையின் எழுதும் சோதனை. அது நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும். 4 டிபிக்கு சராசரி 150 எம்பி வேகத்தில் ஏறக்குறைய இரண்டரை நாள். முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 என்ற எண்ணிட்ட மூன்று வரிகளின் (பழுதான இடங்களின் எண்ணிக்கை) மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 (தரவுப் பரிமாற்றப் பிழை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை, சாட்டா கேபிளில்.

கரன்ட் விஷயத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் தர வேண்டியிருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு சேர்ந்தால் கிட்டத்தட்ட 100 வாட். அதனால் 300 வாட் தரமான எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) போட்டோம். பழைய நாலு முள் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும், பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான கேபிளைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே கம்பிகள் ஒட்டித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஓடத் தொடங்கியபின் மொத்தச் செலவு 35 வாட் அளவில், அதாவது இரண்டு மாத பில்லில் 50 யூனிட்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, போதாதா? போதாது. பேட்டரி தீரும்போது அது சர்வருக்கு எதையும் சொல்லாது. யூஎஸ்பி கேபிள் வழியே பேசும் சின்ன லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் வேண்டும். அதை இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் செருக வேண்டும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் செருகினால் கரன்ட் போனதே யூபிஎஸ்ஸுக்குத் தெரியாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் அந்த மின்சாரத்தை ஏற்காமல் யூபிஎஸ் தன் பேட்டரிக்குத் தாவிவிடவும் கூடும். ட்ரூநாஸின் யூபிஎஸ் சேவையில், பேட்டரியில் ஐந்து நிமிடம் ஓடினால் ஷட்டவுன் என்று வைத்தோம். திடீரென அணைந்தாலும் இசட்.எஃப்.எஸ் கட்டமைப்பு சிதையாது. ஆனால் கடைசிச் சில நொடிகளில் எழுதியது போய்விடும்.

பெட்டியைப் பரணிலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள். மே மாத வெயிலிலும் டிஸ்க் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் சொல்ல அதிகமில்லை. கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி கிடைக்கும். 11இலேயே நின்றால் கேபிள் முனையில் ஒரு ஜோடிக் கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை என்று பொருள்.

இனி விரிவாக்கம். ரெய்டு-இசட்டில் ஒற்றை டிஸ்க்கைச் சேர்க்கும் வசதி ஓபன் இசட்.எஃப்.எஸ் 2.3இல், 2025 ஜனவரியில் வந்தது, ட்ரூநாஸ் 24.10 அதைச் சில மாதம் முன்பே தந்துவிட்டது. பழைய பூல் என்றால் முதலில் பூலை அப்கிரேட் செய்ய வேண்டும். அதன்பின் பழைய பதிப்பில் அந்தப் பூல் திறக்காமல் போகலாம்.

ட்ரூநாஸ் திரையில் நீங்கள் தேட வேண்டியது, ரெய்டு-இசட் வரிசையைத் தேர்ந்தபின் வரும் 'எக்ஸ்டெண்ட்'. பூலில் புதிய டிஸ்க் வரிசையை (வீடெவ்) சேர்க்கும் 'ஆட் வீடெவ்' அல்ல. கட்டளையில் சொன்னால் 'அட்டாச்', 'ஆட்' அல்ல. 'ஆட்' கொடுத்தால் புதிய டிஸ்க் பாதுகாப்பே இல்லாத தனி வரிசையாகப் பூலில் ஒட்டிக்கொள்ளும். அது ஒன்று செத்தால் முழுப் பூலும் போய்விடும். ரெய்டு-இசட் உள்ள பூலிலிருந்து அதைக் கழற்றவும் முடியாது. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, பூலை அழித்து, மறுபடி கட்ட வேண்டியதுதான். எச்சரிக்கை வரும், அதை மீறி ஃபோர்ஸ் டிக் செய்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

எக்ஸ்டெண்ட் கொடுக்கும் முன் பேக்கப் எடுத்து, முழு ஸ்க்ரப்பும் (பூலில் உள்ள தரவு முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டிவிடுங்கள். பூலில் 5.6 டிபி இருந்தால் பாரிட்டியோடு 8.4 டிபியை இடம் மாற்றியாக வேண்டும், அதனால் ஒரு நாளைத் தாண்டலாம். நடுவில் ரீஸ்டார்ட் ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் தானாகவே ஒரு ஸ்க்ரப் ஓடும்.

அதன்பின் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திரையில் 10.9 (12 டிபி தெரியும் அளவு) எதிர்பார்த்த இடத்தில் 9.7ஐ ஒட்டித்தான் காட்டும், ஏனென்றால் இடக் கணக்கு இன்னும் பழைய விகிதத்தில் போடப்படுகிறது. பழைய தரவும் இரண்டுக்கு ஒரு பாரிட்டி என்ற பழைய அமைப்பிலேயே கிடக்கும். புதிதாக எழுதுவதுதான் மூன்றுக்கு ஒன்று. பழையதை மறுபடி எழுதினால் 5.6 டிபிக்குச் சுமார் 0.9 டிபி டிஸ்க் இடம் மீளும். சாதாரண நகல் கட்டளை இங்கே ஏமாற்றிவிடும்: பிளாக் குளோனிங் இயங்கினால் எதையும் எழுதாமல் பழைய பிளாக்கையே சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடும். ஆர்சிங்க் என்ற நகல் கட்டளை உண்மையாகவே எழுதும். பழைய ஸ்னாப்ஷாட்கள் (தரவின் முந்தைய நிலையை உறைய வைத்த பதிவுகள்) இருக்கும்வரை இடம் விடுபடாது, அவற்றையும் நீக்க வேண்டும்.

8 டிபிக்கு மாறும்போது ஒவ்வொன்றாக 'ரீப்ளேஸ்'. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுவது தவறு. அந்த நேரம் முழுவதும் பூல் பாதுகாப்பின்றி இருக்கும். காலியான போர்ட்டில் புதியதைச் செருகி, பழையதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள். ஆறு போர்ட் போர்டு வாங்கியது இதற்காகத்தான். நான்காவது டிஸ்க் மாறும்வரை கொள்ளளவு ஒரு எம்பிகூட ஏறாது. பூலில், கொள்ளளவைத் தானே விரிக்கும் ஆட்டோ எக்ஸ்பேண்ட் இயங்குகிறதா என்று முன்பே பாருங்கள்.

கழற்றிய 4 டிபி டிஸ்க்குகள் இரண்டை அழித்து, சோதித்து, இன்னொரு வீட்டில் இருக்கும் பழைய கணினியில் போட்டாயிற்று. பத்திரங்களும் படங்களும் இரவு 2 மணிக்கு அங்கே போகின்றன. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டு, திறந்து பார்க்கிறோம்.