சாங்கி மழை வரைபடம்: திரைக்கும் தாளுக்கும் ஒரே உருவம்

சாங்கி வானிலை நிலையத்தின் மாத மழையளவு 1982 முதல் சிங்கப்பூர் அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கிறது. அதைக் குனுபிளாட் என்ற வரைபட மென்பொருளில், மாதப் பெயர்கள் தமிழில் வரும்படி பட்டை வரைபடமாக வரைந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தின் பலகையில் ஒட்டப் போகிறேன். கைப்பேசிக் குழுவுக்கும் அதே படம்தான். டிசம்பர் உச்சமும் பிப்ரவரிப் பள்ளமும் பார்த்த உடனே தெரிய வேண்டும்.

திரையில் நன்றாக இருந்த படம் பிடிஎஃப்பில் எழுத்து பொடிந்து வந்தது. குனுபிளாட்டில் ஒவ்வொரு வகைக் கோப்பாகப் படத்தை வெளியிடும் பகுதிக்கு டெர்மினல் என்று பெயர். அதன் அமைப்பைக் காட்டும் 'ஷோ டெர்மினல்' கட்டளை காரணத்தைக் காட்டிவிட்டது. பிடிஎஃப் தரும் பிடிஎஃப்கைரோ டெர்மினலின் இயல்பு அளவு 5 x 3 அங்குலம், எழுத்துப் பெருக்கம் 0.5. அதாவது 12 புள்ளி கேட்டால் 6 புள்ளிதான் கிடைக்கும். பிஎன்ஜி படம் தரும் பிஎன்ஜிகைரோவில் 640 x 480 படப்புள்ளி, பெருக்கம் 1.0. ஒவ்வொரு டெர்மினலும் தன் விருப்பப்படி நடக்கிறது. நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதுவே முடிவு செய்துகொள்கிறது.

என்னை அதிகம் வருத்தியது தமிழ் எழுத்துதான். படம் வரையும் ஜிடி நிரல் நூலகத்தை நம்பியிருக்கும் சாதாரண பிஎன்ஜி டெர்மினலில் 'செப்டம்பர்' சிதைந்தது. சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. இப்படி ஒரு பெயரைப் பலகையில் ஒட்ட எனக்கு மனம் வராது. கைரோ டெர்மினல்கள் பாங்கோ என்ற நிரல் நூலகத்தின் வழியாக எழுத்தைக் கோப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. எழுத்துருவையும் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்று பெயர் சொல்லியே கொடுக்கிறேன். வெறும் 'சான்ஸ்' என்றால் கணினிக்குக் கணினி வேறு எழுத்துரு வந்து உட்காரும்.

இப்போது மூலம் ஒன்றே: 7 x 4 அங்குல பிடிஎஃப், பெருக்கம் 1. கைப்பேசிக்கான பிஎன்ஜியைத் தனியாக வரைவதில்லை. அந்த பிடிஎஃப்பையே அங்குலத்துக்கு 200 படப்புள்ளி என்று மாற்றினால் 1400 x 800 கிடைக்கிறது. வரிகள் இம்மியும் நகர்வதில்லை. ஓரங்களையும் முழுப் படத்தின் அகல உயரத்தில் இத்தனை பங்கு என்று கட்டிவிட்டேன். தானியங்கி ஓரம் எழுத்தின் அகலத்தைப் பார்த்து மாறும், பட்டைகளும் கூடவே நகரும்.

1991–2020 ஆண்டுச் சராசரி 2113.3 மி.மீ.; மாதத்துக்கு ஏறக்குறைய 176. அதைக் காட்டும் விட்டுவிட்டு வரும் கோட்டுக்கு 'டேஷ்டைப் 2' என்று வகை எண் கொடுத்தால் கோட்டின் தோற்றம் டெர்மினல் கையில். அதனால் (10,5) எனக் கோட்டுத் துண்டின் நீளத்தையும் இடைவெளியையும் நானே எழுதினேன்.

கறுப்பு வெள்ளை அச்சில் நீலப் பட்டையும் சிவப்புக் கோடும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. அடுத்து பட்டையை வெளிர் நீலமாக்கி, கோட்டைக் கறுப்பாக்கிப் பார்க்கப் போகிறேன்.