ஆர்ல டம்மி டேட்டா செஞ்ச அனுபவம், கர்ப்பகால சுகர் வந்த ஆம்பளைங்க உட்பட

இருக்கற டேட்டா மாதிரியே பொய்யா ஒண்ணு செய்யணும், அவ்ளோதான வேலை, ஆர்ங்கற (R) புள்ளிவிவர மொழில நாலு வரி, டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும்னு நெனச்சேன். மூணு வாரம் ஆச்சு.

நான் ஒரு சுகர் கிளினிக்ல ரிசர்ச் அசிஸ்டென்ட். அப்படின்னா டேட்டா என்ட்ரியும் நான்தான், பிரிண்டர்ல பேப்பர் மாட்டுனா எடுக்கறதும் நான்தான். 412 பேஷண்ட், 19 காலம் (நேரம் இல்ல, எக்செல்ல மேலிருந்து கீழ போற column), ஒரு எக்செல் ஃபைல். வயசு, ஆணா பொண்ணா, ஏரியா, உயரம், எடை, பிஎம்ஐ, சுகர் வந்து எத்தன வருஷம், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), பிபி, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), பொம்பளைங்கன்னா கர்ப்பமா இருந்தப்போ சுகர் வந்துச்சான்னு ஒரு காலம், இப்படி. அனாலிசிஸ் எழுதித்தர்றேன்னு சொன்னது என் காலேஜ் சீனியர் அக்கா, பெங்களூர்ல இருக்காங்க. ஆனா எதிக்ஸ் கமிட்டி அப்ரூவல்லயே தெளிவா போட்டிருக்கு, டேட்டா கட்டடத்த விட்டு வெளிய போகக்கூடாது. பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் எடுத்துட்டு அனுப்பலாமா சார்னு கமிட்டிலயே கேட்டேன், அதுவும் கூடாதுன்னுட்டாங்க. அப்போ கொஞ்சம் கடுப்பாதான் இருந்துச்சு, ஆனா அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பொண்ணா, இந்த மூணு இருந்தாலே அமெரிக்கால 87 சதவீதம் பேர தனியா அடையாளம் கண்டுடலாம்னு லதான்யா ஸ்வீனிங்கற ஆராய்ச்சியாளர் 2000லயே கணக்கு போட்டு காட்டிட்டாங்க. நம்ம ஃபைல்ல ஏரியா, வயசு, எடை எல்லாமே இருக்கு.

அக்கா கூலா சொன்னாங்க, "டேய் அப்போ டம்மி அனுப்புடா. அதே காலம் பேரு, அதே டைப்பு, கிட்டத்தட்ட அதே மாதிரி நம்பரு. நான் இங்க கோடு எழுதறேன், நீ அங்க நிஜ ஃபைல்ல ஓட்டிக்கோ."

சரின்னு உக்காந்தேன். முதல்ல செஞ்சது ரொம்ப சிம்பிள், ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியா எடுத்து சேம்பிள் ஃபங்ஷன்ல ரீப்ளேஸ் ட்ரூ (எடுத்தத திரும்பப் போட்டு எடுக்கறது, அதனால ஒண்ணே பல தடவ வரலாம்) போட்டு குலுக்கி 412 வரி எடுத்தேன். ஆவரேஜ் பாத்தா கிட்டத்தட்ட அதே, ஹிஸ்டோகிராமும் அப்படியே. அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டேன். பத்தே நிமிஷத்துல ஃபோன். சிரிப்பு நிக்கவே இல்ல. "ஏன்டா, உங்க கிளினிக்ல 31 ஆம்பளைங்களுக்கு கர்ப்பகால சுகர் இருந்திருக்கு, நீங்க பேப்பர் போட வேண்டிய விஷயமே வேற." அதோட 22 வயசுக்காரர் ஒருத்தருக்கு சுகர் வந்து 27 வருஷமாம். ஒவ்வொரு காலமும் தனித்தனியா நல்ல பிள்ளைதான், பக்கத்து காலத்தோட பேச்சுவார்த்தையே இல்ல. எடைக்கும் பிஎம்ஐக்கும் கோரிலேஷன் (ரெண்டும் எவ்ளோ சேந்து ஏறி இறங்குதுங்கற அளவு, மைனஸ் ஒண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும்) பூஜ்ஜியத்த ஒட்டி வந்துச்சு, இதுக்கு மேல என்ன வேணும்.

சரி, காலம் காலமா குலுக்கினாதான பிரச்சனை, வரி வரியா குலுக்குவோம்னு அடுத்து பூட்ஸ்ட்ராப் மாதிரி முழு வரியையே ரீப்ளேஸ் ட்ரூ போட்டு எடுத்தேன். உறவெல்லாம் பத்திரமா இருந்துச்சு. பெருமையா ஸ்க்ரீன்ல வச்சிட்டு உக்காந்திருக்கேன், பின்னாடி ஃபைல் எடுக்க வந்த சிஸ்டர் எட்டிப் பாத்தாங்க, "என்ன தம்பி, அந்த 132 கிலோ அண்ணன் மூணு தடவ வந்திருக்காரு?"ன்னாங்க. பேரே இல்ல, எடையும் ஏரியாவும் மட்டும்தான். ரெண்டு செகண்டு கூட ஆகல. அப்போதான் உறைச்சுது, இது டம்மியே இல்ல, நிஜ ஆளுங்கள வரிசை மாத்தி, சிலர ரெண்டு மூணு தடவ உக்கார வச்சிருக்கேன், அவ்ளோதான். பூட்ஸ்ட்ராப் வேற வேலைக்கு தங்கம், வெளிய அனுப்பறதுக்கு ஆகவே ஆகாது. நல்லவேளை அனுப்பல.

மூணாவதா எல்லாரும் சொல்ற வழி. மாஸ் பேக்கேஜ்ல எம்விஆர்நார்ம்னு ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு காலத்தோட ஆவரேஜும், எந்த காலம் எதோட எவ்ளோ சேந்து போகுதுன்னு சொல்ற கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸும் குடுத்தா மல்டிவேரியேட் நார்மல்ல (பல காலத்துக்கு சேத்து மணி வடிவ பரவல்) இருந்து புது நம்பரா எடுத்துத் தரும். இதுல எம்பிரிகல் ட்ரூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டா நீங்க குடுத்த ஆவரேஜும் கோவேரியன்ஸும் அச்சு அசலா அதே வரும், போடலன்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அப்படி இப்படி வரும். முதல் எர்ரர், மிஸ்ஸிங் வேல்யூ இருக்குன்னு. ஆமா, கிரியாட்டினின் காலத்துல பாதி காலி, கோவேரியன்ஸே என்ஏன்னு (காலின்னு ஆர் காட்டற குறி) வந்திருக்கு. இணையத்துல பாத்து பேர்வைஸ் ஆப்ஷன் போட்டேன், ரெண்டு ரெண்டு காலமா எடுத்து எந்த வரில ரெண்டும் இருக்கோ அத மட்டும் வச்சு கணக்கு பண்ணும். உடனே அடுத்த எர்ரர், மேட்ரிக்ஸ் பாசிட்டிவ் டெஃபனிட் இல்ல. அரை நாள் இதுலயே போச்சு. விஷயம் என்னன்னா ஒவ்வொரு ஜோடியும் வேற வேற பேஷண்ட் கூட்டத்துல இருந்து கணக்கானது, எல்லாத்தையும் ஒரே மேட்ரிக்ஸ்ல சேத்தா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத கணக்கா ஆயிடும், நிஜத்துல அப்படி ஒரு டேட்டாவே இருக்க முடியாது. மேட்ரிக்ஸ் பேக்கேஜ்ல நியர்பிடின்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துல இருக்கற நல்ல மேட்ரிக்ஸா மாத்தித் தரும். போட்டேன், ஓடுச்சு.

ஓடி வந்தத பாத்தா ஆணா பொண்ணா காலத்துல 0.63. ஹெச்பிஏ1சி பரவாயில்ல. சுகர் வந்து எத்தன வருஷம்னா மைனஸ் நாலு. இது பக் இல்ல. அந்த காலத்தோட ஆவரேஜும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் கிட்டத்தட்ட சமம், ரெண்டுமே ஆறு வருஷம் பக்கம். நார்மல்ல ஆவரேஜ்ல இருந்து ஒரு டீவியேஷன் கீழ போனாலே பூஜ்ஜியம், அதுக்கும் கீழ 16 சதவீதம் இருக்கும், ஆறு பேருல ஒருத்தருக்கு சுகர் இனிமேதான் வரப்போகுது. நிஜ டேட்டா ஒரு பக்கமா வால் நீண்டு கிடக்கு, நான் அத மணி மாதிரி ஆக்கிட்டேன்.

இதுக்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கு, எனக்கு இந்த மொத்த வேலைலயே ரொம்ப புடிச்சது இதுதான். எம்விஆர்நார்ம்ல ஆவரேஜ் பூஜ்ஜியம், வேரியன்ஸ் ஒண்ணுன்னு வச்சு வெறும் கோரிலேஷன் மட்டும் குடுத்து நம்பர் எடுங்க, அத பிநார்ம்ல (நார்மல்ல அந்த நம்பருக்குக் கீழ எவ்ளோ பங்கு இருக்குன்னு சொல்ற ஃபங்ஷன்) போட்டா எல்லாம் பூஜ்ஜியத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு நம்பரா ஆயிடும், அத அப்படியே நிஜ காலத்தோட குவான்டைல் ஃபங்ஷன்ல (பங்க சொன்னா அந்த எடத்துல இருக்கற வேல்யூவ தரும்) குடுத்தா நிஜ காலத்தோட வடிவத்துலயே வெளிய வரும். மைனஸ் வராது, வால் வாலாவே இருக்கும், உறவும் பெரும்பாலும் நிக்கும். காஸியன் காப்புலான்னு பேரு பெருசா இருக்கு, வேலை இவ்ளோதான். கோரிலேஷனுக்கு சாதா பியர்சன எடுக்காம ஸ்பியர்மேன (வேல்யூவ விட்டுட்டு ரேங்க மட்டும் பாக்கறது, அதுதான் ரோ) எடுத்து, பையால (π) பெருக்கி 6ஆல வகுத்து, அதுக்கு சைன், அத ரெண்டால பெருக்கி உள்ள குடுத்தா இன்னும் சரியா வருது.

ஆனா எண்ணுக்குதான் இது அழகு, ஆமா இல்ல காலத்துக்கெல்லாம் இழுத்துப் புடிக்கணும். அதவிட பெரிய சிக்கல், உள்ளுக்குள்ள குரூப் இருந்தா மொத்தமா ஒரே கோரிலேஷன் எடுக்கறது ஏமாத்திடும். நம்பலன்னா ஆர்லயே இருக்கற ஐரிஸ் டேட்டால பாருங்க, 150 பூ, மூணு வகை, வகைக்கு 50. செப்பல் (பூவோட புல்லி இதழ்) நீளத்துக்கும் அகலத்துக்கும் மொத்தமா கோரிலேஷன் மைனஸ் 0.12. செட்டோசாங்கற வகைய மட்டும் தனியா எடுத்தா ப்ளஸ் 0.74. மத்த ரெண்டு வகைலயும் ப்ளஸ்தான். மொத்தமா எடுத்து டம்மி செஞ்சா உறவு தலகீழா போயிடும். நான் ஆண் பெண் தனித்தனியா பிரிச்சு செஞ்சு அப்புறம் ஒட்டினேன், கர்ப்பகால சுகர் பிரச்சனையும் அதோட தீந்துச்சு. அக்காவும் "இப்போ மனுஷங்க மாதிரி இருக்காங்க"ன்னாங்க.

ஆனாலும் ஏரியாவையும் குடும்ப வரலாறையும் சேக்க முடியல, அதுக்குதான் கடைசில சின்த்பாப் பேக்கேஜுக்கு போனேன். எடின்பரோ பல்கலைக்கழகத்துல பியாட்டா நோவோக், கில்லியன் ராப், கிறிஸ் டிப்பன் மூணு பேரும் செஞ்சது, அங்க மக்கள்தொகை கணக்கெடுப்போட இணைஞ்ச நீண்டகால டேட்டாவ வெளிய குடுக்க முடியாம இருந்த அதே தலைவலிக்குதான். யோசனை அதுக்கும் பழசு, நிஜ டேட்டாவுக்குப் பதிலா முழுக்க செயற்கையா செஞ்சத வெளியிடலாம்னு டொனால்ட் ரூபின்ங்கற புள்ளியியலாளர் 1993லயே சொல்லிட்டாரு. வேலை செய்யற விதம் இதான்: முதல் காலத்த சும்மா குலுக்கி எடுக்கும், ரெண்டாவது காலத்த முதல் காலத்த வச்சு கணிக்கும், மூணாவத முதல் ரெண்ட வச்சு, இப்படியே. கணிக்கறதுக்கு கார்ட்னு சொல்ற டிசிஷன் ட்ரீ. மரத்துல கீழ ஒரு இலைக்கு வந்ததும் அந்த இலைல இருக்கற நிஜ ஆளுங்கள்ல ஒருத்தரோட வேல்யூவ எடுத்து வைக்கும். மிஸ்ஸிங்கையும் அதுவே பாத்துக்குது, எந்த மாதிரி ஆளுக்கு கிரியாட்டினின் எடுக்கலயோ அந்த மாதிரி ஆளுக்கே காலியா விடுது. இத பாத்துதான் நான் அசந்தேன்.

இதுல நான் சறுக்குன இடம் வரிசை. ஒண்ணும் சொல்லலன்னா எக்செல்ல காலம் இருக்கற வரிசைலயே போகும், எங்க ஃபைல்ல முதல் காலம் ஏரியா, நூத்துக்கு மேல ஊர் பேரு, அத வச்சு மத்ததெல்லாம் கணிக்கப் போய் முக்கிட்டு நின்னுச்சு. ஏரியாவ நாலு பெரிய பகுதியா சேத்து கடைசிக்கு தள்ளினேன். அப்புறம் பிஎம்ஐ. அதையும் கணிக்க விட்டா உயரம் எடையோட ஒட்டாத ஒரு பிஎம்ஐ வருது, 160 சென்டிமீட்டர் 64 கிலோ ஆளுக்கு 25 வரணும், 28.1ன்னு நின்னுச்சு. பிஎம்ஐய தூக்கிட்டு கடைசில உயரம் எடைல இருந்து நானே கணக்கு போட்டு சேத்தேன். ஆம்பளைன்னா கர்ப்பகால காலம் "பொருந்தாது"ன்னே வரணும்னு ரூல்ஸ்ல ஒரு வரி.

இலைல இருந்து நிஜ வேல்யூவதான் எடுக்குதுன்னு சொன்னேன்ல, அப்போ நம்ம 132 கிலோ அண்ணன் மறுபடியும் வந்துட்டாரு. வேற உயரம், வேற ஏரியா, ஆனா அதே 132. சிஸ்டர் மறுபடி எட்டிப் பாத்தா என்ன சொல்வாங்கன்னு தெரியும். எடைக்கு ஸ்மூத்திங் (வேல்யூவ கொஞ்சம் அப்படி இப்படி நகத்தறது) போட்டேன், அதோட எஸ்டிசின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, நிஜத்துல ஒரே ஒருத்தரா இருந்து டம்மிலயும் அச்சா அப்படியே வந்த வரிகள தூக்கிடும், கூடவே "இது பொய் டேட்டா"ன்னு ஒரு காலமும் ஒட்டி விடலாம். அந்த ஒட்டற வேலைய தயவுசெஞ்சு விடாதீங்க, ஆறு மாசம் கழிச்சு எது நிஜம் எது டம்மின்னு நமக்கே தெரியாம போகும்.

கம்பேர் ஃபங்ஷன் போட்டா நிஜமும் டம்மியும் பக்கத்து பக்கத்துல படமா வரும். வயசு படத்துல ரெண்டுலயுமே 45, 50, 55, 60ல கம்பம் நட்ட மாதிரி. பேஷண்ட்டுங்க யாரும் 53ன்னு சொல்றதில்ல, "அம்பது அம்பத்தஞ்சு இருக்கும்"னு சொல்றத நான்தான் டைப் அடிச்சிருக்கேன். பிபியும் அப்படித்தான், முக்கால்வாசி பூஜ்ஜியத்துல முடியுது, 120, 130, 140. எம்விஆர்நார்ம் 127.38ன்னு குடுத்தப்போ எனக்கு இது தோணவே இல்ல. ரெண்டு வருஷமா நானே ஏத்தின ஃபைல், இந்த கம்பத்த இப்போதான் பாக்கறேன். கிளினிக் சார்கிட்ட காட்டினேன், ஒரு மாதிரி சிரிச்சிட்டு போயிட்டாரு.

நடுவுல சீட் கூத்து வேற. கிளினிக் கம்ப்யூட்டர்லயும் என் லேப்டாப்லயும் ஐரிஸ வச்சு அந்த குலுக்கற கோட டெஸ்ட் பண்ணேன், ரெண்டுலயும் அதே செட் சீட் நம்பர்தான் (அது ஒண்ணா இருந்தா குலுக்கலும் ஒரே மாதிரி வரணும்), ரிசல்ட் வேற வேற. ஒரு சாயங்காலம் முழுக்க நான்தான் எதையோ மாத்திட்டேன்னு தேடினேன். கிளினிக்ல இருக்கறது ஆர் 3.5. 2019ல வந்த 3.6.0ல சேம்பிள் ஃபங்ஷன் உள்ளுக்குள்ள நம்பர் எடுக்கற முறையையே மாத்திட்டாங்க, பழைய மாதிரி வேணும்னா சேம்பிள் கைண்ட் ரவுண்டிங்னு சொல்லணும். டம்மி செய்யறப்போ சீட் மட்டும் எழுதி வச்சா பத்தாது, ஆர் வெர்ஷனையும் எழுதுங்க.

கமிட்டிகிட்ட டம்மி ஃபைல காட்டி சரின்னு வாங்கி அனுப்பினேன். அக்கா ஒரு வாரத்துல ஸ்க்ரிப்ட் அனுப்பினாங்க, 240 வரி, டம்மில ஒரு வார்னிங் கூட இல்லாம ஓடுது. சார், சிஸ்டர் எல்லாரையும் கூப்பிட்டு வச்சு நிஜ ஃபைல்ல ஓட்டினேன். மூணாவது வரிலயே நின்னுச்சு.

ஹெச்பிஏ1சி காலம் எண்ணே இல்லயாம், எழுத்தாம். போய்ப் பாத்தா ஒரு எடத்துல "நில்" (nil, ஒண்ணுமில்லன்னு), நாலு எடத்துல வெறும் கோடு, ஒரு எடத்துல 14.0க்கு பதிலா புள்ளிக்கப்புறம் இங்கிலீஷ் ஓ எழுத்து. டம்மி செய்யறதுக்கு முன்னாடி இதையெல்லாம் நான்தான் கையால சுத்தம் பண்ணி அந்த சுத்தமான ஃபைல வச்சு டம்மி செஞ்சேன், எப்போ எங்க தொடச்சேன்னு எழுதி வைக்கல. அக்காவுக்கு ஃபோன் பண்ணி சொன்னா, "அப்போ அழுக்கையும் சேத்துதான்டா அனுப்பணும்"னாங்க.

இப்போ டம்மி ஃபைல்ல நாலு கோடும் ரெண்டு நில்லும் இருக்கு. 212வது வரில பூஜ்ஜியம் இருக்க வேண்டிய எடத்துல ஒரு ஓ, அது நானே கையால தட்டினது.