நர்சிங் சேருமுன் வார்டு வேலை: வேலூர்ப் பக்கப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு நர்சிங் வகுப்பு தொடங்கும் வரை சில மாதங்கள் கையில் இருக்கும். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் நர்சிங் ஹோம் உண்டு. உதவியாளர் வேலை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த வேலையோ அதற்கான குறுகிய காலச் சான்றிதழோ யாரையும் நர்ஸ் ஆக்காது. அதற்கு ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடமோ பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடமோ படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று பணம் கேட்பவர்களிடம் கட்டும் காசு வீண்.

வேலைக்குப் போகுமுன், ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

வார்டில் கற்க வேண்டியதில் முதலிடம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதற்குத்தான். எழ முடியாத நோயாளிக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நேர் பக்கவாட்டில் சாய்த்தால் எடை முழுக்க இடுப்பெலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. மேலே நகர்த்தும்போது தோளைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே தோல் நசுங்கிப் புண்ணாகும். அடியில் விரித்த துணியை இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள், அதற்கு முன் கட்டிலின் பிரேக்கைப் போடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறாவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் இறுக்கமும் இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். பழைய சிறுநீர் திரும்ப ஏறித் தொற்று வரும்.

பிபி பார்க்கையில் கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும், நோயாளி பேசாமல் இருக்கட்டும்.

வார்டுப் பொறுப்பு நர்ஸான சார்ஜ் சிஸ்டரிடம் சொல்வதும் ஒரு பயிற்சி. 'மூணாம் பெட் சரியில்லை சிஸ்டர்' என்றால் அவர் என்ன செய்வார்? 'மூணாம் பெட், நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை யூரின் 40 மில்லிதான் சிஸ்டர்' என்றால் உடனே எழுந்து வருவார். மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் பெரியவர்களுக்கு அது எச்சரிக்கை.

வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட், ஆந்திராவிலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். வலி, தண்ணீர், வாந்தி, மயக்கம் இவற்றை அவர்கள் மொழியில் கேட்கப் பழகினால், வலியைச் சொல்லத் தெரியாமல் தவிப்பவர் ஒருவராவது குறைவார்.

ராத்திரி ஆள் குறைவு என்று யாராவது ஊசி போடவோ டிரிப்ஸில் மருந்து சேர்க்கவோ சொன்னால் மறுத்துவிடுங்கள். அது உங்கள் வேலை இல்லை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், அப்போது கையில் குத்திவிடலாம். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்போதே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி தாண்டினால் பலன் இல்லை.

கற்றதைத் தினமும் நோட்டில் எழுதுங்கள், நோயாளியின் பெயர் மட்டும் அதில் வேண்டாம்.